எல்லாம் சேர்த்து எவ்வளவு?

வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூர் வாசகர்களின் இந்த மாதக் கேள்விகள் எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). விலை அட்டையில் ஒரு தொகை, கல்லாவில் வேறொரு தொகை. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: குடும்பத்தோடு ஓர் உணவகத்துக்குப் போயிருந்தோம். மெனுவில் இருந்த விலைகளைக் கூட்டினால் 60 வெள்ளி. பில் 71 வெள்ளி 94 காசு. 9 விழுக்காடு வரி என்றால் 65.40 தானே வர வேண்டும்? அதே வாரம் ஒரு துணிக்கடையிலும் அட்டை விலைக்கு மேல் வரி போட்டார்கள். இரண்டும் சரியா?
யீஷூன் வாசகி

உணவகம் செய்தது சரி. துணிக்கடை செய்தது தவறு.

உணவகக் கணக்கு இப்படி: 60 வெள்ளிக்கு முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதோடு 66 வெள்ளி. பொருள் சேவை வரி அந்த 66க்கு மேல்தான் விழும், 60க்கு அல்ல. 5.94 வெள்ளி வரி சேர்ந்து 71.94. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இந்த இரண்டும் பின்னால் வருகின்றன என்று பொருள். அந்த மாதிரிக் கடையில் உட்கார்ந்தவுடனேயே மெனு விலையோடு ஐந்தில் ஒரு பங்கை மனத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். 19.9 விழுக்காடு என்பது கிட்டத்தட்ட அதுதான்.

வரி சேர்க்காத விலையைக் காட்டும் சலுகை சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் உண்டு. அவர்களும் அதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். மற்ற எல்லாரும், அதாவது துணிக்கடை, மளிகைக்கடை, சேவைக் கட்டணம் வாங்காத சாப்பாட்டுக் கடை ஆகியவையும், வரிக்குப் பதிவு செய்த வணிகமாக இருந்தால், வரி சேர்த்த விலையைத்தான் அட்டையிலும் விளம்பரத்திலும் வாய்மொழியிலும் சொல்ல வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். துணிக்கடையில் அட்டையைக் காட்டி, "இதில் இருக்கும் விலைதானே கடைசி விலை?" என்று கேளுங்கள். மறுத்தால் அட்டையையும் ரசீதையும் படம் எடுத்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பலாம்.

ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத கடை வரி என்ற பெயரில் ஒரு காசுகூட வாங்கக்கூடாது. ரசீதில் வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆணையத்தின் இணையத்தளத்தில் கடையின் பெயரைப் போட்டுத் தேடலாம். சேவைக் கட்டணம் அரசாங்க வரி அல்ல, அது கடையே வைத்துக்கொள்ளும் தொகை. சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போகும்போது அதையும் சேர்த்திருந்தால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

சில உணவகங்களில் ஈரத்துண்டு, வேர்க்கடலை, ஊறுகாய் என்று கேட்காமலே மேசைக்கு வரும். அவற்றுக்கும் காசு உண்டு. வைத்த உடனே "வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பிரித்தபின் பேச இடம் குறைவு. கடல் உணவில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் நண்டு, மீன் விலை 100 கிராமுக்கு எழுதப்பட்டிருக்கும். 100 கிராம் 9.80 என்றால் கண்ணுக்குச் சின்னத் தொகைதான். 1.2 கிலோ நண்டுக்கு 117.60 ஆகும், சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்தால் 141 வெள்ளி. சமைப்பதற்கு முன்பே எடை போட்டு, மொத்தத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்குச் சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, அடுப்பு வாங்கப் போகிறோம். கடைகள் போட்டி போட்டு விலை குறைத்திருக்கின்றன. ஆனால் வாங்கியவர்கள் எல்லாம் "கடைசியில் அதிகம் ஆகிவிட்டது" என்கிறார்கள். எங்கே கூடுகிறது?
பொங்கோல் வாசகர்

கடையில் நீங்கள் பார்ப்பது பெட்டியின் விலை. உங்களுக்கு வேண்டியதோ வீட்டில் ஓடும் இயந்திரம். செலவு கூடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் கொண்டுவரும் கூலி. இலவசம் என்று எழுதியிருந்தாலும் குறைந்தபட்சத் தொகைக்கு வாங்கினால்தான் என்ற நிபந்தனை இருக்கலாம். மின்தூக்கி நிற்காத மாடி, இரண்டு தட்டு வீட்டின் உள்படி ஆகியவற்றுக்குப் படிக்கு இவ்வளவு என்று தனிக்கூலி கேட்பார்கள். வார இறுதி, மாலை நேரம் என்றால் மேலும் கூடும். குளிர்பதனப் பெட்டி வாங்குவதற்கு முன் மின்தூக்கிக் கதவு, வீட்டுக் கதவு, இரும்புக் கதவு, சமையலறை நுழைவழி நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவு முழுதாகத் திறக்கும்போது எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்பதே கணக்கு, சட்டத்தின் அகலம் அல்ல. உள்ளே போகாமல் திரும்பினால் போக வரக் கூலி உங்கள் தலையில் விழும்.

அடுத்தது பழைய பொருள். இங்கே வாசகர்கள் பலர் கொடுக்க வேண்டாத காசைக் கொடுக்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள மின்னியல் கழிவுத் திட்டத்தின்படி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், துணி உலர்த்தி, ஏர்கான் போன்றவற்றைப் புதிதாகக் கொண்டுவந்து தரும் கடை, நீங்கள் கேட்டால் அதே வகைப் பழைய பொருள் ஒன்றை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. "அகற்றும் கட்டணம்" என்று ஒரு வரி ரசீதில் வந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். வாங்கும்போதே சொல்லி ரசீதில் குறித்துக்கொள்வது நல்லது. சுவரில் மாட்டியதைக் கழற்றுவது, குழாயைப் பிரிப்பது வேறு வேலை, அதற்குத் தனிக்கூலி கேட்கலாம். அதையும் முன்பே பேசுங்கள்.

சலவை இயந்திரத்துக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகால் குழாயும் பெட்டிக்குள் வருகின்றனவா, அவற்றின் நீளம் போதுமா, உங்கள் குழாய்முனைக்கு இணைப்பான் தேவையா என்று கேளுங்கள். உலர்த்தியை மேலே அடுக்குவதாக இருந்தால் அதற்கான சட்டம் தனி விலை. வேறு நிறுவன உலர்த்திக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அடுப்பில்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். முதல் கேள்வி: உங்கள் வீட்டில் குழாய் எரிவாயுவா, சிலிண்டரா? இரண்டுக்கும் பர்னர் துளை வேறு. மாற்றி வாங்கினால் மாற்றித் தரக் கூலி உண்டு. குழாய் எரிவாயு இணைப்பை உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் செய்ய வேண்டும். அந்தக் கூலி அடுப்பு விலையில் அடங்குகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, மேடைக் கல்லில் ஏற்கெனவே வெட்டியிருக்கும் துளையின் நீள அகலம். புது அடுப்பின் வெட்டளவு அதைவிடப் பெரியது என்றால் கல்லை வெட்ட ஆள் வர வேண்டும். சிறியது என்றால் கல்லில் இடைவெளி தெரியும், சில சமயம் மேடையையே மாற்ற வேண்டியிருக்கும். அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கையோடு எடுத்துப் போங்கள். "ஸ்டாண்டர்டு சைஸ்" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம்.

மின்சார அடுப்பு, ஓவன் என்றால் வாட் எண்ணைப் பாருங்கள். சாதாரண மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 3,000 வாட். அதற்கு மேல் போகும் கருவிக்குத் தனி மின்கம்பியும் தனி சுவிட்சும் போட உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் மின்பெட்டியில் அதற்கு இடமே இல்லாமலும் போகலாம். இந்தச் செலவைக் கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக "10 ஆண்டு உத்தரவாதம்" என்ற ஒட்டி. அது பெரும்பாலும் மோட்டார் அல்லது கம்ப்ரசர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும். ஆறாம் ஆண்டில் கம்ப்ரசர் போனால் பாகம் இலவசமாக வரும். ஆள்கூலி, குளிர்பதன வாயு நிரப்புதல், வண்டிச் செலவு உங்களுடையது. கல்லாவில் கூடுதல் உத்தரவாதம் வாங்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நாளில் தொடங்குகிறது, ஆள்கூலியும் அடங்குமா, பழுது பார்க்க வருவது தயாரிப்பாளரா வேறு நிறுவனமா? நிறுவனத்தின் முதல் இரண்டு ஆண்டு உத்தரவாதத்தோடு சேர்ந்தே ஓடுகிற "மூன்றாண்டு" கூடுதல் உத்தரவாதத்தில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது ஓராண்டுதான்.

கேள்வி: ஏர்கான் "சிஸ்டம் 3" விலை குறைவாக இருந்ததால் முன்பணம் கட்டினேன். பொருத்த வந்தவர்கள் பாதி வேலையில் மேலும் பல நூறு வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
உட்லண்ட்ஸ் வாசகர்

நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத எதையும் உடனே கொடுத்துவிட வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் உங்கள் நிலைமைக்கே ஒரு பிரிவு இருக்கிறது: முதலில் கொடுத்த மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிகம் வசூலிப்பது நியாயமற்ற செயல், கூடுதல் தொகைக்கு நீங்கள் முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் தவிர. வேலையை நிறுத்திவிட்டுப் போகிறோம் என்று மிரட்டினால் கூடுதல் தொகை எதற்கு என்று வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அவசரத்தில் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், "மறுப்புடன் செலுத்துகிறேன்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: சிஸ்டம் 3 என்பது வெளியே ஒரு யூனிட், உள்ளே மூன்று யூனிட். விளம்பர விலைக்குள் இருக்கும் பொருள்களின் தரம்தான் மர்மம். தாமிரக் குழாயின் மேல் உறை அரை அங்குலத் தடிப்பா அதைவிட மெலிதா, வடிகால் குழாய்க்கு உறை உண்டா, மின்கம்பி எந்த நிறுவனத்தது, மூடுபெட்டி எத்தனை அடி வரை இலவசம், வெளி யூனிட்டுக்கான தாங்கி எஃகா, பழையதைக் கழற்றும் கூலி எவ்வளவு? இவ்வளவும் மதிப்பீட்டுத் தாளில் வர வேண்டும். மெலிந்த உறை போட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் குழாயின் மேல் நீர் கோத்து, மூடுபெட்டி வழியே சொட்டி, சுவர் பூஞ்சை பிடிக்கும். அப்போது மூடுபெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது. வீட்டைப் பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: சிராங்கூன் சாலையில் ஒவ்வொரு நகைக்கடை வாசலிலும் 916 தங்கத்தின் இன்றைய விலை போட்டிருக்கிறது. விலை குறைந்த கடையில்தானே வாங்க வேண்டும்? மகள் கல்யாணத்துக்கு வாங்க வேண்டியிருக்கிறது.
பிடோக் வாசகி

வாசலில் இருக்கும் விலை ஒரு கிராம் தங்கத்தின் விலை, நகையின் விலை அல்ல. செய்கூலியும், சில கடைகளில் சேதாரமும், எல்லாவற்றுக்கும் மேல் 9 விழுக்காடு வரியும் சேர்ந்தால்தான் நகையின் விலை. அம்மா, ஒரு கணக்கைப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

முதல் கடையில் கிராம் 150 வெள்ளி. 10 கிராம் சங்கிலிக்குத் தங்கம் 1,500, செய்கூலி 120, கூட்டினால் 1,620. வரி 145.80. மொத்தம் 1,765.80.

இரண்டாம் கடையில் கிராம் 147 வெள்ளிதான். ஆனால் 8 விழுக்காடு சேதாரம் உண்டு, அதனால் 10.8 கிராமுக்குக் காசு: 1,587.60. செய்கூலி 100. கூட்டினால் 1,687.60. வரியோடு 1,839.48. கிராமுக்கு 3 வெள்ளி குறைந்த கடையில் 73.68 வெள்ளி அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

அதனால் கடை கடையாகக் கிராம் விலையைக் கேட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. ஒரே எடை, ஒரே மாதிரி நகையைச் சொல்லி, "வரி வரைக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். வந்த தொகையை எடையால் வகுத்தால் உண்மையான கிராம் விலை தெரியும். மேலே முதல் கடையில் அது 176.58, இரண்டாம் கடையில் 183.95.

கல் வைத்த நகை என்றால் மொத்த எடை, கல் நீக்கிய எடை இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கல்லையும் அரக்கையும் தங்கத்தின் விலைக்கு வாங்கிவிடக்கூடாது. தராசு உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், நகையை வைக்கும்முன் சுழியம் காட்ட வேண்டும். பழைய நகையைக் கொடுத்து மாற்றும்போது பலரும் புது நகையின் செய்கூலியைப் பேரம் பேசி ஜெயித்துவிட்டுப் பழையதில் கோட்டை விடுகிறார்கள். பழையதன் எடை, அழுக்குக்கும் பற்றுக்கும் கழித்த எடை, எடுத்துக்கொண்ட கிராம் விலை மூன்றும் தனி வரியாக வேண்டும். "கழித்து மீதி இவ்வளவு" என்று ஒற்றைத் தொகையை ஏற்காதீர்கள்.

சேமிப்புக்காக வாங்குவதாக இருந்தால் நகை செலவு மிகுந்த வழி. மேலே முதல் கடையில் கொடுத்த 1,765.80 வெள்ளியில் தங்கம் 1,500க்குத்தான். மீதி 265.80 விற்கும் நாளில் திரும்பாது. 99.5 விழுக்காடோ அதற்கு மேலோ தூய்மையும் உரிய தரமும் உள்ள முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்து பொருள் சேவை வரி விலக்கு இருக்கிறது. கல்யாண நகைக்கு அந்த விலக்கு கிடையாது.

சென்னையில் வாங்கி வரலாமே என்று நினைப்பவர்களுக்கு: 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புவோருக்கு 500 வெள்ளி மதிப்பு வரைதான் வரிச் சலுகை, 48 மணி நேரத்துக்குள் என்றால் 100 வெள்ளி வரை. வேலை அனுமதி அட்டை வைத்திருப்போருக்குச் சலுகை இல்லை. சலுகையைத் தாண்டிய மதிப்புக்கு 9 விழுக்காடு கட்டி, சாங்கி விமான நிலையத்தில் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் தெரிவிக்க வேண்டும். அந்த வரியையும் சேர்த்துத்தான் சென்னை விலையை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: பேரங்காடியில் பெரிய பை வாங்கினால் மலிவு என்று நினைத்தே வாங்கிப் பழகிவிட்டேன். உண்மையா?
ஜூரோங் வெஸ்ட் வாசகி

எப்போதும் இல்லை. 5 கிலோ அரிசி 13.90 என்றால் கிலோ 2.78. பக்கத்தில் 10 கிலோ 28.50 என்றால் கிலோ 2.85. சிறிய பைக்குச் சலுகை ஓடும் வாரத்தில் இப்படி ஆகும். பல பேரங்காடிகளில் விலைச் சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கோ கிலோவுக்கோ விலை சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். சமையல் எண்ணெயில் ஒரு சிக்கல்: ஒரு புட்டி லிட்டரில், இன்னொன்று கிலோவில் இருக்கும். ஒரு கிலோ எண்ணெய் ஏறத்தாழ 1.1 லிட்டர், அதனால் இரண்டும் ஒன்றல்ல. டின் கொண்டைக்கடலையில் நீர் வடித்த எடையையும், உறைந்த இறாலில் பனிக்கட்டி நீக்கிய எடையையும் பாருங்கள்.

விலைச் சீட்டில் ஒன்று, கல்லாவில் வேறொன்று வருவது பெரும்பாலும் சலுகை முடிந்தும் சீட்டை எடுக்காததால். சலுகையின் கடைசித் தேதியும், அது உறுப்பினர் அட்டைக்கு மட்டுமா என்பதும் சீட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கும். "2 வாங்கினால் 5 வெள்ளி" என்ற சலுகை ஒரே வகைக்கா, கலந்து எடுத்தாலுமா என்பதையும் அங்கேயே பாருங்கள். ரசீதைக் கடையை விட்டு வெளியேறும்முன் படியுங்கள். வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் 60 காசுக்காகத் திரும்பி வர மனம் வராது.

பைக்கும் காசு உண்டு. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. தானே வருடும் கல்லாவில் எத்தனை பை என்று பதிவாகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பானப் புட்டி, டின்களுக்கு 2026 ஏப்ரல் முதல் வரும் 10 காசு வைப்புத்தொகை செலவல்ல. முத்திரையுள்ள காலிப் புட்டியைத் திருப்பும் இடத்தில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

தேக்கா போன்ற ஈரச்சந்தைகளில் தராசில் சரிபார்ப்பு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். கூடையோ தட்டோ வைத்து நிறுத்தால், அதன் எடையைக் கழித்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்தபின் பொருளைப் போடச் சொல்லுங்கள். மீனைச் சுத்தம் செய்யும்முன் நிறுப்பது வழக்கம்தான். தலை, குடலோடு சேர்ந்த எடைக்கு விலை கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்திருந்தால் போதும்.

கேள்வி: கைபேசிக் கடையில் மலிவாகச் சொன்னார்கள். பணம் கட்டியபின் உத்தரவாதத்துக்குத் தனிக் காசு என்கிறார்கள்.
தோ பாயோ வாசகர்

பழைய தந்திரம். 2014இல் சிம் லிம் ஸ்குவேரில் 950 வெள்ளி கொடுத்துக் கைபேசி வாங்கிய வியட்நாம் சுற்றுப்பயணியிடம் உத்தரவாதக் கட்டணம் என்று மேலும் 1,500 வெள்ளி கேட்ட சம்பவம் நாடு முழுதும் பேசப்பட்டது. அவர்கள் ஏமாற்றும் வழி இதுதான்: மலிவு விலையைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள், பிறகு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், உத்தரவாத வரி அதில் பொடி எழுத்தில் இருக்கும். முக்கியமான விவரத்தைப் பொடி எழுத்தில் மறைப்பது, மேலே ஏர்கான் பதிலில் சொன்ன பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற செயல். ஆனால் சண்டை போட்டு மீட்பதைவிடத் தடுப்பது எளிது. தொகையும் மாடலும் உத்தரவாதமும் எழுதிய ரசீது கைக்கு வரும்வரை கார்டைத் தட்டாதீர்கள், பேநவ் வழியாகக் கைபேசியில் பணம் அனுப்பாதீர்கள். "எக்ஸ்போர்ட் செட்", அதாவது வெளிநாட்டுச் சந்தைக்கான கைபேசி என்றால் உள்ளூர் முகவர் பழுது பார்க்க மறுக்கலாம் என்பதைக் கணக்கில் எடுங்கள். முதல் கேள்வியே "லோக்கல் செட்டா?" என்று இருக்கட்டும்.

கேள்வி: ஊரிலிருந்து வரும் அண்ணன் குடும்பம் முஸ்தபா கடையில் நிறைய வாங்கும். 9 விழுக்காடு முழுதும் திரும்பக் கிடைக்குமா?
லிட்டில் இந்தியா வாசகர்

முழுதாகக் கிடைக்காது, கையாளும் கட்டணம் கழிப்பார்கள். இன்னொன்று, ரசீதுத் தொகையிலேயே வரி அடங்கியிருப்பதால் 109 வெள்ளி ரசீதில் வரி 9 வெள்ளிதான், 9.81 அல்ல. சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் வரியோடு குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்க வேண்டும். ஒரே கடையின் ஒரே நாள் ரசீதுகள் மூன்று வரை சேர்த்துக்கொள்ளலாம். அண்ணன் தம் அசல் கடப்பிதழோடு கடைக்கு நேரில் வர வேண்டும், நகல் செல்லாது. நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தால் வராது. வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருளோடு விமானத்தில் கிளம்ப வேண்டும். சாங்கியில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுய சேவை இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள், அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம்.

கேள்வி: "0 விழுக்காடு வட்டித் தவணை", "இப்போது வாங்கு, பிறகு கட்டு" இவற்றில் என்ன மறைந்திருக்கிறது?
சுவா சூ காங் வாசகி

ஒழுங்காகக் கட்டினால் பெரிதாக எதுவும் இல்லை. தவணைத் திட்டத்தில் கையாளும் கட்டணமும், முன்கூட்டியே முடித்தால் ரத்துக் கட்டணமும் இருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா என்று கேட்டால், குறைத்துத் தரும் கடைகளில் அந்த வித்தியாசமே உங்கள் வட்டி. தவணையைக் கிரெடிட் கார்டில் கட்டி, கார்டு நிலுவையை முழுதும் அடைக்காமல் விட்டால் ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கும்போது சிங்கப்பூர் வெள்ளியில் காட்டவா என்று கேட்டால் மறுத்துவிட்டு அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதம் பெரும்பாலும் அதில்தான் மேல். முன்பே குறியிடப்பட்ட காப்புறுதி, நன்கொடைக் கட்டங்களை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடையில் பலகை வைத்திருக்கிறார்கள். பழுதான பொருளுக்கும் அப்படித்தானா? புகார் எங்கே செய்வது?
ஹவ்காங் வாசகர்

மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை, அந்தப் பலகை அதற்குச் செல்லும். பழுதுக்குச் செல்லாது. 2012 செப்டம்பர் முதல் உள்ள விதியின்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை பொருளைக் கொடுத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். பழைய பொருள் விற்கும் கடைக்கும் இது பொருந்தும்.

கடைக்கு முதலில் எழுத்தில் சொல்லி, பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள். நகரவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், அதாவது கேஸ். அவர்கள் உங்கள் சார்பில் கடையோடு பேச முடியும், கட்டாயப்படுத்த முடியாது. அதற்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை அங்கே கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. இணையத்தில் பதியும்போது விளம்பரப் படம், மதிப்பீட்டுத் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாக இணையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.